குப்பை கூட்டப் போய் 14 கார் ஆலைகள் நின்றன! "சர்வர் டவுன்" போர்டுக்கு பின்னால் நடப்பது என்ன?

ரேஷன் கடை, பேங்க், பத்திர ஆபீஸ், இ-சேவை மையம்... எங்கே போனாலும் ஒரு வார்த்தை காதில் விழுகிறது. "சர்வர் டவுன். நாளைக்கு வாங்க!"

சொல்கிறவருக்கு சுலபம். கொத்தனாருக்கும், சித்தாளுக்கும், ஆட்டோ ஓட்டுபவருக்கும் அந்த "நாளைக்கு" என்றால் இன்னொரு நாள் கூலி போச்சு என்று அர்த்தம்.

ஏன் டவுன் ஆனது என்று கேட்டால் கவுண்டரில் இருப்பவர் கையை விரிக்கிறார். "மேலேயே வேலை செய்யல, நான் என்ன பண்றது?" என்கிறார். மழை பெய்யாமல் போனதைப் போல நினைத்துக் கொண்டு நாமும் பையைச் சுருட்டிக்கொண்டு திரும்பி விடுகிறோம்.

ஆனால் இது விதியும் அல்ல, இயற்கை சீற்றமும் அல்ல. பல நேரங்களில், யாரோ ஒருவர் சரியாக செய்யாமல் விட்ட பராமரிப்பு வேலையின் பலன்தான் அது. இதை உலகத்துக்கே போட்டு உடைத்த சம்பவம் 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜப்பானில் நடந்தது.

14 ஆலைகளும் "அவுட்"

உலகத்திலேயே அதிக கார் விற்கும் கம்பெனி டொயோட்டா. ஜப்பானில் மட்டும் அதற்கு கார் தயாரிக்கும் ஆலைகள் 14. அவற்றில் 28 லைன்கள்.

2023 ஆகஸ்டு 29, செவ்வாய்க்கிழமை. முதல் ஷிப்டில் 12 ஆலைகள் ஓடவில்லை. அடுத்த ஷிப்டில் மீதி இருந்த 2 ஆலைகளும் நின்றன. 28 லைன்களும் மொத்தமாக "அவுட்"!

டொயோட்டா உலகம் முழுவதும் தயாரிக்கும் கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த ஆலைகளில் இருந்துதான் வருகிறது. அவ்வளவும் ஒரே நாளில் முடங்கியது.

எல்லோருக்கும் முதலில் வந்த சந்தேகம், "ஹேக்கர் வேலையோ?" என்பதுதான். அதற்கு காரணம் உண்டு. 2022 மார்ச் 1-ந் தேதி, டொயோட்டாவுக்கு பாகம் சப்ளை செய்யும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஹேக்கர்கள் புகுந்ததால் இதே 14 ஆலைகளும் ஒரு நாள் நின்று போயின.

ஆனால் இந்த முறை வெளியில் இருந்து எந்த திருடனும் வரவில்லை. வீட்டுக்குள் நடந்த துப்புரவு வேலைதான் வினையாகி விட்டது!

என்ன நடந்தது?

2023 செப்டம்பர் 6-ந் தேதி டொயோட்டாவே காரணத்தை வெளியிட்டது. அது இதுதான்.

ஆகஸ்டு 27, ஞாயிற்றுக்கிழமை. பாகங்களுக்கு ஆர்டர் போடும் சர்வர்களில் வழக்கமான பராமரிப்பு வேலை நடந்தது. டேட்டாபேசில் சேர்ந்து கிடந்த பழைய தகவல்களை அழித்து, மீதியை ஒழுங்குபடுத்தும் வேலை.

அந்த வேலை பாதியில் இருக்கும்போது "டிஸ்க்கில் இடம் போதவில்லை" என்று எரர் விழுந்தது. சிஸ்டம் நின்றது.

சர்வர் என்றதும் ஓட்டலில் இட்லி கொண்டு வருபவர் ஞாபகம் வரலாம். வேலை கிட்டத்தட்ட அதுவேதான்! பல கம்ப்யூட்டர்கள் கேட்பதை எடுத்து வந்து கொடுப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். டேட்டாபேஸ் என்பது அந்த சர்வருக்குள் இருக்கும் பேரேடு. யாருக்கு என்ன பாக்கி, எந்த பாகம் எத்தனை வேண்டும் என்ற கணக்கெல்லாம் அதில்தான்.

அந்தப் பேரேடு திறக்கவில்லை. ஆர்டர் போகவில்லை. பாகம் வரவில்லை. ஆலை நின்றது!

"ஒரு நாள் ஆர்டர் போகாவிட்டால் என்ன, குடோனில் சரக்கு இருக்காதா?" என்று கேட்கலாம். இல்லை! டொயோட்டாவின் பாணியே அதுதான். குடோனில் சரக்கை அடுக்கி வைத்து பணத்தை முடக்க மாட்டார்கள். தேவைப்படும் பாகம், தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவுக்கு வந்து இறங்கும். உலகமே காப்பி அடித்த முறை இது. பாகம் வரும் வரை எல்லாம் ஜோர். ஆர்டர் போடும் கம்ப்யூட்டர் படுத்தால் அவ்வளவுதான்.

அழிக்கும்போது இடம் ஏன் பத்தவில்லை?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். "பழசை அழித்தால் இடம் கூடத்தானே செய்யும்? குறைவது எப்படி?"

பொங்கலுக்கு முன்னால் வீட்டில் பரண் சுத்தம் செய்வதை நினைத்துப் பாருங்கள். பரணில் இருக்கும் அண்டா, குண்டான், பழைய பெட்டி எல்லாவற்றையும் முதலில் கீழே இறக்கி கூடத்தில் பரப்ப வேண்டும். வேண்டாததை ஒதுக்கிவிட்டு, வேண்டியதை துடைத்து மறுபடி ஏற்ற வேண்டும். வேலை முடிந்தால் பரணில் இடம் கிடைக்கும். ஆனால் வேலை நடக்கும்போது? கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது!

கூடத்தில் ஏற்கனவே மூட்டை அடுக்கி இருந்தால், பரண் சாமானை எங்கே இறக்குவது? பாதி கையில், பாதி ஏணியில் என்று தொங்க வேண்டியதுதான்.

டேட்டாபேசும் பொதுவாக இதே கதைதான். ஒன்றை அழிப்பதற்கு முன், "இதை அழிக்கிறேன்" என்று குறிப்பு எழுதி வைக்கும். நடுவில் கரண்ட் போனால் பழையபடி திரும்புவதற்கு அந்தக் குறிப்பு வேண்டும். நிறைய அழித்தால் குறிப்பும் நிறைய. ஒழுங்குபடுத்தும் வேலை என்றால் பல நேரம் பழைய பேரேட்டை வைத்துக்கொண்டே பக்கத்தில் புதுசாக இன்னொன்று எழுதும். ஆக, துப்புரவு முடியும் வரை கூடுதல் இடம் தேவை.

அந்த இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பதுதான் பராமரிப்பின் முதல் பாடம். உலகத்தின் நம்பர் 1 கார் கம்பெனிக்கே அந்தப் பாடம் 14 ஆலைகளை நிறுத்தித்தான் வந்தது.

ஸ்டெப்னியும் பஞ்சர்!

"சரி, மாற்று ஏற்பாடு இல்லையா?" இருந்தது. அதுவும் கவிழ்ந்தது. இதுதான் கதையிலேயே பெரிய திருப்பம்.

மாற்று ஏற்பாடும் அதே சிஸ்டத்தில்தான் ஓடிக் கொண்டிருந்தது. அதனால் அசலில் வந்த கோளாறு நகலிலும் வந்தது. மாற்றிப் போட முடியவில்லை.

டயர் பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி கை கொடுக்கும். ஆனால் அதே ஆணி ஸ்டெப்னியிலும் குத்தி இருந்தால்? நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

கடைசியில் ஆகஸ்டு 29-ந் தேதி, அதிக இடம் உள்ள வேறு சர்வருக்கு தகவல்களை மாற்றினார்கள். 30-ந் தேதி ஆலைகள் மறுபடி ஓடின. அதோடு விடவில்லை. அதே கோளாறை வேண்டும் என்றே மறுபடி வரவழைத்துப் பார்த்து, சரிசெய்த விதம் தாங்குகிறதா என்று சோதித்தார்கள். அதுதான் உருப்படியான ரிப்பேர்.

அமெரிக்க வானமும் நின்றது

அதே 2023-ல், ஜனவரி 11-ந் தேதி. அமெரிக்காவில் காலை நேரத்தில் நாடு முழுவதும் விமானங்கள் கிளம்பக் கூடாது என்று உத்தரவு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு இப்படி ஒரு உத்தரவு வந்தது அப்போதுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. தாமதமானவை பல ஆயிரம்.

ஓடுபாதை மூடல், விளக்கு பழுது, பக்கத்தில் கிரேன் நிற்கிறது என்பது போன்ற எச்சரிக்கைகளை பைலட்டுகளுக்கு தரும் டேட்டாபேஸ் ஒன்று உண்டு. அது படுத்து விட்டது.

விசாரித்ததில் தெரிய வந்தது என்ன? அசல் டேட்டாபேசையும் பேக்கப் டேட்டாபேசையும் ஒத்துப்போக வைக்கும் வேலையில் இருந்த காண்டிராக்ட் ஊழியர்கள், தெரியாமல் சில பைல்களை அழித்து விட்டார்கள். இங்கேயும் ஹேக்கர் இல்லை. இங்கேயும் பராமரிப்பு வேலைதான்!

தப்பு செய்தவர்களின் அனுமதி பறிக்கப்பட்டது. ஆனால் ஒரு ஊழியர் கை தவறினால் ஒரு நாட்டின் வானமே நிற்கும் அளவுக்கு அந்த சிஸ்டத்தை விட்டு வைத்தது யார்? அதைக் கேட்காமல் ஊழியரை மட்டும் பிடித்தால் பாதி நியாயம்தான்.

5 பூட்டு போட்டும் திறந்த வீடு

இன்னொரு சம்பவம். புரோகிராம் எழுதுபவர்கள் தங்கள் வேலையை சேமித்து வைக்கும் தளம் கிட்லாப். 2017 ஜனவரி 31-ந் தேதி இரவு, நகல் சர்வரில் கோளாறு. அதை சரிசெய்ய அந்த சர்வரை காலி செய்ய நினைத்த என்ஜினீயர், கட்டளையை அசல் சர்வரில் தட்டி விட்டார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாவில் மிஞ்சியது நாலரை ஜிபி!

"பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே" என்று போய்ப் பார்த்தால், அங்கே இருந்ததுதான் உண்மையான அதிர்ச்சி. பேக்கப் வைத்திருந்த இடம் காலி! டேட்டாபேஸ் புது வெர்ஷன். பேக்கப் எடுக்கும் கருவி பழைய வெர்ஷன். ஒன்றுக்கு ஒன்று ஒத்து வராமல் தினமும் எரர் அடித்திருக்கிறது.

எரர் வந்ததும் இமெயிலில் சொல்ல ஏற்பாடு இருந்தது. அந்த மெயிலும் போய்ச் சேரவில்லை. திருப்பி விடப்பட்டது!

5 விதமான பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் நம்பும்படி இல்லை என்று அந்தக் கம்பெனியே ஒப்புக் கொண்டது. அதே என்ஜினீயர் 6 மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த 6 மணி நேர கணக்கு மட்டும் போனது போனதுதான்.

ஒன்றை மட்டும் பாராட்ட வேண்டும். நடந்ததை மறைக்காமல், ரிப்பேர் வேலையையே நேரடியாக ஒளிபரப்பி எல்லோருக்கும் காட்டினார்கள்.

இப்படி மிஞ்சுவதற்கு ஒரு தற்செயல் நகல் கூட இல்லை என்றால்? தென்கொரியாவைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 26-ந் தேதி தேஜோன் நகரில் அரசு கம்ப்யூட்டர் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. 600-க்கும் மேற்பட்ட அரசு சேவைகள் முடங்கின. அரசு ஊழியர்கள் பைல் சேமித்து வந்த 858 டெராபைட் கிடங்கு அடியோடு போனது. வெளியில் வேறு எங்கும் அதற்கு நகல் இல்லை. "அளவு ரொம்ப பெரிசு, அதனால் நகல் எடுக்கவில்லை" என்பதுதான் சொன்ன காரணம். கம்ப்யூட்டருக்கு பேர் போன நாட்டிலேயே இந்தக் கதி!

யார் தலையில் விடிகிறது?

நாலு சம்பவத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே உண்மைதான் நிற்கிறது. மெஷின் கெட்டதால் வந்த வினையை விட, "எல்லாம் சரியாகத்தான் இருக்கும்" என்று யாரும் திறந்து பார்க்காததால் வந்த வினைதான் பெரிசு. சோதித்துப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்லை.

இதில் கம்பெனிக்கு நஷ்டம் கோடியில். அதை அடுத்த மாதம் ஓவர்டைம் போட்டு பிடித்து விடலாம். ஆனால் ஷிப்டு இல்லை என்றால் சம்பளமும் இல்லை என்று இருப்பவரின் கதி? ரேஷன் கடை வாசலில் வேலையை விட்டு வந்து நிற்பவரின் கதி? அந்த நாள் திரும்பி வராது.

கவுண்டரில் இருக்கும் விற்பனையாளரும் பாவம்தான். சர்வர் எங்கே இருக்கிறது என்பதே அவருக்கு தெரியாது. ஆனால் திட்டு வாங்குவது அவர்தான். சர்வரை பராமரிக்க வேண்டியவர் ஏ.சி. ரூமில் இருக்கிறார். அவரை யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

ரேஷன் கடையில் என்ன உரிமை?

தமிழ்நாட்டில் 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் கைரேகை வைக்கும் முறையும் வந்தது. அதில் இருந்து ரேஷன் அரிசிக்கும் சர்வருக்கும் முடிச்சு விழுந்து விட்டது.

ஆனால் பலருக்கு தெரியாத ஒரு விஷயம் உண்டு. கைரேகை பதியவில்லை, நெட்வொர்க் கிடைக்கவில்லை என்று காரணம் காட்டி, தேசிய உணவுப் பாதுகாப்பு சட்டத்தின் கீழ் தகுதி உள்ள குடும்பத்துக்கு பொருள் மறுக்கக் கூடாது என்று 2017 அக்டோபரிலேயே மத்திய உணவுத்துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுதி இருக்கிறது. அடையாளத்தைப் பார்த்து பொருள் கொடுத்துவிட்டு, தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

அதாவது, மெஷின் படுத்தால் நோட்டுப் புத்தகம் எழுந்திருக்க வேண்டும்! அதுதான் மக்களுக்கான பேக்கப்.

அடுத்த முறை "சர்வர் டவுன்" என்றால் சண்டை போட வேண்டாம். அமைதியாக இதைக் கேளுங்கள்:

* எத்தனை மணியில் இருந்து வேலை செய்யவில்லை? மேலே புகார் கொடுத்தாயிற்றா?
* எப்போது சரியாகும் என்று போர்டில் எழுதிப் போட முடியுமா?
* பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருள் தர முடியுமா?
* இன்று முடியாது என்றால், மறுபடி வரிசையில் நிற்காமல் வாங்க டோக்கன் உண்டா?

பதில் சரியில்லை என்றால் ரேஷன் புகாருக்கு 1967, முதல்வரின் முகவரி திட்டத்துக்கு 1100. கடை எண், தேதி, நேரம் சொல்லி புகார் செய்யலாம். ஒருவர் சொன்னால் புலம்பல். 50 பேர் சொன்னால் அது கணக்கு. எந்த சர்வர் எந்த நேரத்தில் படுக்கிறது என்று மேலே இருப்பவர்களுக்கு அப்போதுதான் உறைக்கும்.

சின்ன கடைக்கும் இதே பாடம்தான்

மளிகைக் கடை, லாட்ஜ், மருந்துக் கடை, கூட்டுறவு சங்கம் என்று எங்கும் இன்று பில்லிங் கம்ப்யூட்டர் வந்து விட்டது. நாலு மெஷினை ஒரு சர்வரில் கோர்த்து ஓட்டுகிறார்கள். ஒரு நாள் "டேட்டா ரிப்பேர்" ஓட்டும்போது எரர் விழும். உடனே கை பதறி நாலு தடவை அமுக்குவார்கள். இருந்ததும் போய் விடும்!

அங்கே வேலை செய்யும் தம்பி, தங்கைகள் இதை நினைவில் வைத்தால் போதும்:

* எரர் வந்தால் முதலில் செல்போனில் போட்டோ எடுங்கள். ரிப்பேருக்கு வருபவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மெசேஜ் வந்துச்சு?" என்பதுதான்.
* டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலி என்று பாருங்கள். டேட்டா அளவுக்காவது காலி இடம் இருப்பது நல்லது.
* மற்ற மெஷின்களில் எல்லோரும் வெளியே வந்து விட்டார்களா என்று பாருங்கள். ஒருவர் பில் போட்டுக் கொண்டிருக்கும்போது ரிப்பேர் ஓட்டினால் வம்புதான்.
* ரிப்பேருக்கு முன் டேட்டாவை ஒரு நகல் எடுத்து வேறு மெஷினிலோ, பென் டிரைவிலோ வையுங்கள். அதே டிஸ்க்கில் வைத்தால் ஸ்டெப்னியிலும் அதே ஆணிதான்.
* கருவியும் டேட்டாபேசும் ஒரே வெர்ஷனா என்று கேளுங்கள். கிட்லாப் விழுந்த குழி அதுதான்.
* மாதம் ஒரு முறை பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் பேக்கப். இல்லாவிட்டால் அது வெறும் பைல்!

இதற்கெல்லாம் கோடி வேண்டாம். ஒரு மணி நேரம் போதும். முதலாளி "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றால், டொயோட்டா கதையை சொல்லுங்கள்.

பதில் சொல்ல வேண்டியவர் யார்?

டொயோட்டா 14 ஆலைகள் நின்ற 8-வது நாளில் காரணத்தை எழுதி வெளியிட்டது. கிட்லாப் தன் குட்டை தானே உடைத்தது. அமெரிக்க விமானத்துறை எந்த வேலையில், எப்படி பைல் போனது என்று சொன்னது. தப்பு எல்லோருக்கும் நடக்கும். காரணம் வெளியே வந்தால்தான் அடுத்த தப்பு குறையும்.

நம் ஊரில் சர்வர் படுத்தால் என்ன காரணம், யார் பொறுப்பு, எவ்வளவு நேரம் என்று எழுதி ஒட்டும் வழக்கம் வர வேண்டும். மக்கள் பணத்தில் வாங்கிய சர்வர் அது. பராமரிக்க காண்டிராக்ட் எடுத்தவருக்கு பில் பாஸ் ஆகும்போது, எத்தனை மணி நேரம் ஓடவில்லை என்ற கணக்கும் அந்த பில்லோடு சேர்ந்து வரட்டும். படுத்த நேரத்துக்கு பணம் பிடிக்கட்டும்.

வேலைக்குப் போகாத நாளுக்கு தொழிலாளிக்கு கூலி இல்லை. வேலை செய்யாத சர்வருக்கு மட்டும் எதற்கு முழுக் கூலி?